ஆடி மாதத்துக் காகிதக் கப்பல்

தூத்துக்குடி
18.6.2024

அன்புத் தம்பி பாண்டித்துரைக்கு,

அக்கா உமாராணி எழுதுகிறேன். அம்மா, உன் அத்தான், நான் மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் காலி பண்ண மறுக்கும் குடித்தனக்காரரைப் போல உட்கார்ந்திருக்கிறது. நொய்டா வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன மாதத்து இருமல் விட்டதா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் அம்மா பிடுங்கி, "சாப்பிட்டியாலே" என்று ஆரம்பித்துவிடுகிறாள். மிச்ச நேரம் நீ 'ம்' கொட்டுகிறாய். சித்திரையில் போனில் போட்ட சண்டைக்குப் பிறகு எழுதுவதே மேல் என்று முடிவு செய்தேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளி இந்த ஜூன் முதல் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டது. வாசல் போர்டு மாறியது, சீருடை மாறியது, பழைய ஆசிரியர்கள் எல்லாரையும் ஓராண்டு தகுதிகாண் பருவத்தில் வைத்துவிட்டார்கள். பத்தொன்பது வருடம் சமூக அறிவியல் நடத்தியவள் இப்போது புதுப் பெண். மார்ச்சில் நிரந்தரம் என்று தாள் வரும், அல்லது வராது. வராவிட்டால் நாற்பத்தாறு வயதில் எந்தப் பள்ளி வாசலில் போய் நிற்பது?

புத்தகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் மனப்பாடம் குறைவு, பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. சனியன் வேறு உருவில் வந்திருக்கிறது. பள்ளி ஒரு தனியார் கம்பெனியிடம் ஆசிரியர் கையேடு வாங்கியிருக்கிறது. அட்டையில் ஆந்தைப் படம். நாற்பது நிமிட வகுப்பைக் கூறு போட்டு, எந்த நிமிடம் என்ன பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். "முதல் இரண்டு நிமிடம்: புன்னகையுடன் வணக்கம் சொல்லவும்." புன்னகையுடன் என்று அச்சில் இருக்கிறது தம்பி! எழுதியவன் என் கையில் அகப்பட்டால் புன்னகையுடனேயே இரண்டு வைப்பேன்.

நீயும் இப்படி ஏதோ பாடம் எழுதும் கம்பெனியில்தானே இருக்கிறாய்? அதன் பெயரை எழுது. அம்மா தெருவில் பெயர் சொல்லத் தெரியாமல், "எம்மவன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா
உமாராணி

•

நொய்டா
30.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பாண்டித்துரை. நலமாக இருக்கிறேன். இருமல் விட்டது. அம்மாவை அந்தத் தைலத்தையே தேய்க்கச் சொல். அத்தானைக் கேட்டதாகச் சொல். துறைமுகத்தில் இன்னும் ராத்திரி ஷிப்டுதானா?

கையேட்டை ரொம்ப வைகிறாய். நாட்டில் எல்லாப் பள்ளியிலும் உன்னைப் போல் பத்தொன்பது வருட டீச்சர் இருக்க மாட்டார். நேற்று வேலைக்குச் சேர்ந்து, தான் படிக்காத பாடத்தை நடத்தும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பிடித்து நடக்கக் கைப்பிடி. அப்புறம், நாம் ஆத்தூரில் படித்துவிட்டு நுழைவுத் தேர்வில் போய் விழித்ததை மறந்துவிட்டாயா? பக்கத்தில் உட்கார்ந்தவன் படித்த புத்தகத்தை நான் கண்ணாலும் பார்த்ததில்லை. டெல்லிப் பிள்ளைக்கும் தூத்துக்குடிப் பிள்ளைக்கும் ஒரே பாடம் கிடைப்பது நல்லதுதான்.

'புன்னகையுடன்' என்பது எழுதியவனுக்கே கூச்சமாக இருந்திருக்கும். மேலே உள்ளவர் யாராவது போடச் சொல்லியிருப்பார்.

எனக்கு வேலை அதிகம். மறுபடி எழுதுகிறேன்.

தம்பி
பாண்டித்துரை

•

தூத்துக்குடி
20.7.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மா தைலம் தேய்க்கிறாள், உன் பெயரைச் சொல்லித்தான் தேய்க்கிறாள். கம்பெனிப் பெயரை நீ எழுதவில்லை. போகட்டும்.

நேற்று நடந்த கூத்தைக் கேள். ஆந்தைக் கையேட்டின்படி ஜூலை மூன்றாம் வாரம் 'மழைக்காலம்' பாடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. அதற்குச் செயல்பாடு: பள்ளி மைதானத்தில் தேங்கிய மழைநீரில் மாணவர்கள் குடை பிடித்துக் காகிதக் கப்பல் விட வேண்டும். படம் எடுத்து 19ஆம் தேதிக்குள் கம்பெனியின் செயலியில் ஏற்ற வேண்டும்.

ஆடி பிறந்து மூன்று நாள். இந்த ஊரில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானத்தில் மருந்துக்கும் மேகம் கிடையாது. முதல்வர் ஞானபாக்கியம் மேடத்திடம் போய், "மழைக்கு எங்க போறது மேடம்?" என்று கேட்டேன். அவர் அசரவில்லை. "லாரித் தண்ணிக்குச் சொல்லியாச்சு டீச்சர். நீங்க குடைய மட்டும் கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

லாரி வந்தது. மைதானத்தில் வெட்டி வைத்த பள்ளத்தில் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற மணல் குடித்தது. நாற்பத்தொரு பிள்ளைகள் சுட்டெரிக்கும் வெயிலில் குடை பிடித்து நிற்க, காற்று ஒவ்வொரு குடையாகத் திருப்பி மல்லாத்தியது. கப்பல்கள் தண்ணீரில் விழாமல் கேட்டுப் பக்கம் பறந்தன. கிளைட்டன் என்று ஒருவன், அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அவன் பறந்த கப்பலைப் பார்த்து, "டீச்சர், இந்தக் காத்துக்கு எங்கப்பாவே இன்னைக்குக் கடலுக்குப் போவல" என்றான். நான் படம் எடுத்தேன். மாலையில் செயலி எங்கள் பள்ளிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தது.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். வகுப்புக்குத் திரும்பியதும் ஐஸ்வர்யா எழுந்தாள். அவள் அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். "டீச்சர், இப்பம் மழைக்காலம்னா எங்கம்மா எப்பிடி உப்பு வாரப் போறாவ?" என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது தம்பி. பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். தமிழகக் கடற்கரைக்கு அக்டோபர், நவம்பரில்தான் நல்ல மழை என்று அதில் ஒரு வரி ஒழுங்காகவே இருக்கிறது. கையேடு அந்த ஒரு வரியை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. நான் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, கையேட்டை மூடிவைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
உமாராணி

•

நொய்டா
11.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

கப்பல் பறந்ததைப் படித்து அலுவலகத்திலேயே சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்டார். சொல்லவில்லை.

ஆனால் அக்கா, உனக்கு இது தகுதிகாண் வருடம். 57ஆம் பக்கத்தை உள்ளபடி நடத்திவிட்டுப் போ. தேர்வுக் கேள்விகள் அந்தக் கட்டத்திலிருந்துதான் வரும். இத்தனை மாநிலத்துப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் ஒரே தேர்வு வைக்கும்போது ஒவ்வொரு ஊர் மழைக்கும் தனிக் கட்டம் போட முடியாது. மார்ச் வரை வாயை மூடிக்கொண்டிரு. அதற்குப் பிறகு நீ யாரை வேண்டுமானாலும் வையலாம்.

தம்பி
பாண்டித்துரை

•

தூத்துக்குடி
6.10.2024

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். எனக்குத்தான் மனசு சரியில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் ஆந்தைக் கம்பெனியுடையவை. பதினான்காம் கேள்வி: "உங்கள் பகுதியில் மழைக்காலம் எந்த மாதங்களில் வருகிறது?" நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் அக்டோபர் முதல் டிசம்பர் என்று குறித்திருக்கிறார்கள். ஐஸ்வர்யா ஓரத்தில், 'ஆடியில் மழை பெய்தால் உப்பு கரைந்துவிடும்' என்று காரணமும் எழுதியிருக்கிறாள். விடைக்குறிப்பில் ஜூன் முதல் செப்டம்பர். செயலி முப்பத்தெட்டுப் பேருக்கும் சுழி போட்டது. நான் ஒவ்வொருவருக்கும் கையால் திருத்தி ஒரு மதிப்பெண் போட்டேன்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து பள்ளிக்குக் கடிதம். ஆசிரியர் விடைக்குறிப்பிலிருந்து விலகியிருக்கிறார், பள்ளியின் தரப் புள்ளி குறைகிறது என்று. தாளாளர் வன்னியபெருமாள் கூப்பிட்டார். நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசினார். "டீச்சர், ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் கெடையாது. ஆனா இத்தன ஆயிரம் புள்ளைய எழுதுத பரிச்சையில நம்ம பள்ளிக்கூடம் மட்டும் தனியா நிக்க முடியுமா, சொல்லுங்க?" என்றார். சொல்லிக்கொண்டே குறிப்பாணையை என் பக்கம் தள்ளினார். நவம்பர் 15க்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் நிரந்தரம் கிடையாது.

நீ கம்பெனிக்காரர்களின் பேச்சு தெரிந்தவன். விடைக்குறிப்புதான் தவறு என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் எழுதித் தா. பத்து நாளில் கிடைத்தால் நல்லது. உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

போன கடிதத்தில் 57ஆம் பக்கம் என்று எழுதியிருந்தாய். சரியாகத்தான் இருக்கிறது. நான் பக்க எண் எழுதியதாக நினைவில்லை. எனக்கும் வயதாகிறது.

அக்கா
உமாராணி

•

நொய்டா
6.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். தீபாவளிக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மா அனுப்பிய முறுக்கு வந்தது, பாதி தூளாக. தூளையும் தின்றேன்.

விளக்கம் இத்துடன் இருக்கிறது. நீ கேட்டபடி எழுதவில்லை. அவசரத்தில் விடைக்குறிப்பைக் கவனிக்கத் தவறியதற்கு வருந்துவதாகவும், இனி அதன்படியே நடப்பதாகவும், முப்பத்தெட்டு மதிப்பெண்களையும் திரும்பப் பெறுவதாகவும் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. கம்பெனியோடு மல்லுக்கட்டி ஜெயித்த டீச்சரை நான் பார்த்ததில்லை. ஒரு மதிப்பெண்தானே அக்கா.

தம்பி
பாண்டித்துரை

•

தூத்துக்குடி
16.11.2024

தம்பிக்கு,

அம்மாவும் அத்தானும் நலம்.

உன் ஆங்கிலம் அழகாக இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

ஒரு மதிப்பெண்தான். அதை எடுக்க வேண்டுமானால் நான் வகுப்பில் நின்று, ஐப்பசியில் நீங்கள் நனைந்தது மழையில் இல்லை என்று முப்பத்தெட்டுப் பேரிடம் சொல்ல வேண்டும். வெளியே அது கொட்டிக்கொண்டிருக்கிறது. உப்பளத்தில் வேலை நின்று மாதம் ஆகிறது, ஐஸ்வர்யாவின் அம்மா வீட்டில் இருக்கிறாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து என்னால் முடியாது. பயம் இல்லை என்று நினைக்காதே. வேலை போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டேதான் பள்ளிக்குப் போகிறேன்.

தமிழில் ஒரே பக்கம் எழுதிக் கொடுத்தேன். பாடப்புத்தகத்தின் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதி, பிள்ளைகள் எழுதியதே சரி என்று முடித்தேன். தாளாளர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கம்பெனிக்கு அனுப்புவதாகவும், அவர்கள் தவறு என்று ஒப்புக்கொண்டால் குறிப்பாணையை எடுத்துவிடுவதாகவும் சொன்னார். கம்பெனி எந்தக் காலத்தில் தவறை ஒப்புக்கொண்டிருக்கிறது? ஜனவரிக் கடைசிக்குள் முடிவு சொல்வார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்டேன். நீ வேறொன்று செய்தாய். வருத்தம்தான்.

உமாராணி

•

தூத்துக்குடி
3.12.2024

பாண்டித்துரை,

பிள்ளைகளுக்கு இரண்டாம் பருவப் பயிற்சி நூல் நேற்று வந்தது. அதே ஆந்தை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு படம். முழங்கால் தண்ணீரில் வெற்றிலைக் கொடிக்கால். நடுவில் ஒருவர் குடை பிடித்து நிற்கிறார். குடையின் கைப்பிடி ஒடிந்து வாழைநாரால் கட்டியிருக்கிறது. கீழே ஆங்கிலத்தில்: "ஜூலை. மழை வந்துவிட்டது. விவசாயி மகிழ்ச்சியாக இருக்கிறார்."

அப்பாவை எனக்கு அடையாளம் தெரியாதா?

2015 தீபாவளி கழிந்த வாரம். ஆத்தூரில் ஆற்றுத் தண்ணீர் கொடிக்காலுக்குள் ஏறியது. நான் புது போனில் எடுத்த படம். அப்பா என்னைப் பார்த்து, "ஏளா, படம் புடிக்கத நிறுத்திட்டு வாளியப் புடி" என்று கத்திக்கொண்டிருக்கிறார். அந்த வெள்ளத்தில் கொடி முழுக்க அழுகியது. அதற்குப் பிறகு அவர் கொடிக்கால் போடவே இல்லை. மூன்றாம் வருடம் போய்விட்டார். அந்த மனிதரை ஆடி மாதத்தில் நனையவைத்து, மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் படத்தை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பினேன். படத்தின் ஓரத்தில் வாளியோடு ஒரு கை தெரிகிறது. அது யார் கை என்று நான் எழுத வேண்டுமா?

புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தேன். அங்கே அச்சடித்த முகவரியும், உன் கடித உறையின் பின்னால் நீ எழுதும் முகவரியும் ஒன்று. ஆறாம் மாடி வரை ஒன்று. இத்தனை மாதமாக இரண்டும் என் மேசையில்தான் கிடந்தன. நான் அந்தக் கம்பெனியை வைதபோதெல்லாம் நீ படித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். மன்னிப்புக் கேட்டு எனக்கு எழுதிக் கொடுத்ததும் அங்கே உட்கார்ந்துதான்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "ஆடியோ ஐப்பசியோ, அவுக மொகம் தெரியுதுல்லா, எனக்கு அது போதும்" என்று நூலை வாங்கி விளக்கு மாடத்தில் வைத்துவிட்டாள். எனக்கு அது போதாது.

உமாராணி

•

தூத்துக்குடி
17.12.2024

தம்பிக்கு,

டிவியில் பார்த்திருப்பாய். இங்கே பலத்த மழை. வீட்டுக்குள் ஒரு சாண் தண்ணீர் வந்து வடிந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. பள்ளிக்கு விடுமுறை. கையேட்டின்படி இந்த வாரம் குளிர்காலப் பாடம், பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டு வர வேண்டியது. தப்பித்தார்கள்.

அம்மாவிடம் வாராவாரம் பேசுகிறாய். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தும் போனைக் கொடுக்கச் சொல்வதில்லை. சரி. இருமல் மறுபடி வந்திருப்பதாக அம்மா சொன்னாள். மருந்து வாங்கிச் சாப்பிடு.

உமாராணி

•

நொய்டா
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகு பூச்சி, பாம்பு ஏதும் வரவில்லையே? அம்மாவை ஈரத்தரையில் நடக்க விடாதே.

கையேட்டின் அந்தப் பாடம், பதினான்காம் கேள்வி, அதன் விடைக்குறிப்பு, படத்தின் கீழே உள்ள வரி எல்லாம் நான் எழுதியவைதான். வேறு ஆள் இல்லை.

எப்படி என்று சொல்கிறேன். மேலிருந்து ஒரு அட்டவணை வரும். எந்த மாதம் என்ன பருவம், எத்தனை வார்த்தை என்று அதில் இருக்கும். தமிழ்நாட்டு மழையைப் பற்றி அடிக்குறிப்பு ஒன்று எழுதித்தான் கொடுத்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை என்று எடுத்தார்கள். இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஒப்பந்த வேலை, கேட்கவில்லை. ஒரு வரிதானே என்று நினைத்தேன். உன்னிடம் ஒரு மதிப்பெண்தானே என்று எழுதியதும் அதே வாய்தான்.

படத்தை நானாகத்தான் கொடுத்தேன். நம் அப்பா இத்தனை ஆயிரம் பிள்ளைகள் கையில் இருக்கட்டும் என்று ஒரு ஆசை. உங்கள் பள்ளியும் எங்கள் பட்டியலில் இருந்ததால், நூல் வந்ததும் நீ பார்த்து ஆச்சரியப்படுவாய், அப்போது எல்லாவற்றையும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்கு முன்னால் புன்னகையுடன் இரண்டு வைப்பேன் என்று உன் கடிதம் வந்தது. பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் சொல்ல நினைத்து ஒவ்வொன்றிலும் விட்டேன். படத்துக்கு அட்டவணையில் ஜூலை என்று இருந்தது. 'உணர்வு' என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பியாக வேண்டும். மகிழ்ச்சி என்று நிரப்பினேன். அன்றைக்கு அப்பா பக்கத்தில் நின்று தண்ணீர் இறைத்தவன் நான். தெரிந்தே செய்தேன் அக்கா. அதுதான் என்னைத் தின்கிறது.

தாளாளருக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதினான்காம் கேள்வியின் விடைக்குறிப்பு தவறு, அதை எழுதியவன் நான், ஆசிரியை திருத்தியதே சரி என்று கையெழுத்திட்டிருக்கிறேன். நான் உன் தம்பி என்பதையும் எழுதிவிட்டேன். பின்னால் தெரிந்தால் உனக்குத்தான் கெடுதல். கம்பெனியில் பிழைத்திருத்தப் படிவமும் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு திருத்தம்தான் அனுமதி. அப்பா படம் உள்ள பக்கத்தில் மாதத்தைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். எல்லாப் பள்ளிக்கும் ஒட்டுத்தாள் வரும்.

அம்மாவிடம் கோபம் இருக்கிறதா என்று கேட்கப் பயமாக இருந்தது. உன்னிடம் கேட்கவும் பயம்தான்.

தம்பி
பாண்டித்துரை

•

தூத்துக்குடி
16.2.2025

அன்புத் தம்பிக்கு,

அம்மா, அத்தான், நான் மூவரும் சுகம். பாம்பு வரவில்லை, தவளை வந்தது. அம்மா அதைத் துடைப்பத்தால் ஊர்வலம் விட்டு அனுப்பினாள். அவளுக்கு உன் மேல் கோபம் என்று ஒன்று என்றைக்கு இருந்தது? அதெல்லாம் என் பங்கு.

வன்னியபெருமாள் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, ஒங்க தம்பி எழுதுன புஸ்தகத்தையா இந்த வசவு வஞ்சீய?" என்று கேட்டார். "எனக்கு அப்பம் தெரியாது சார்" என்றேன். "தெரிஞ்சிருந்தா?" என்றார். "கூட ரெண்டு வஞ்சிருப்பேன்" என்றேன். சிரித்துவிட்டார். எழுதியவனே ஒப்புக்கொண்ட பிறகு தனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று குறிப்பாணையைத் திரும்பப் பெற்றார். நிரந்தர உத்தரவில் கையெழுத்தும் போட்டுவிட்டார். மார்ச் முதல் தேதி கையில் கிடைக்கும். கையேடு என்னவோ அடுத்த வருடமும் அதே கையேடுதான். என் வகுப்பில் மட்டும் கப்பலை ஐப்பசியில் விட்டுக்கொள்ள வாய்மொழியாக அனுமதி கொடுத்திருக்கிறார்.

உன் கடைசி உறையின் பின்னால் ஆறாம் மாடி முகவரி இல்லை. ஏதோ ஒரு தெருவின் பெயரும் அறை எண்ணும் இருந்தன. வேலை போய்விட்டது, அப்படித்தானே? நீ எழுத மாட்டாய். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

உன் ஒட்டுத்தாள்கள் வெள்ளிக்கிழமை வந்தன. என் பிரதிக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு. விரல் அகலத் தாளில் 'நவம்பர்' என்று மட்டும் இருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு நூலை விரித்து, பசை தடவி, 'ஜூலை'யின் மேல் ஒட்டினார்கள். அடுத்த வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. ஐஸ்வர்யா படத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"டீச்சர், இவுக சந்தோசமாவா இருக்காவ? யாரையோ வையுத மாதிரில்லா இருக்கு."

"ஆமாளா. என்னையத்தான் வையுதாவ. எங்கப்பா" என்றேன்.

பிறகு ஒரு குரல், "எதுக்கு டீச்சர் வஞ்சாவ?"

"வாளியப் புடிக்காம படம் புடிச்சிட்டு நின்னதுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். 'மகிழ்ச்சியாக' என்பதை அடித்துவிட்டு, நீங்கள் என்ன பார்க்கிறீர்களோ அதை எழுதுங்கள் என்றேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே கிளைட்டன் படத்தின் ஓரத்தில் விரல் வைத்தான்.

"அப்பம் இந்தக் கை யாரு டீச்சர்?"

சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொன்னேன். "எந்தம்பி. அன்னைக்கு அவந்தான் தண்ணி எறைச்சான். இந்தப் புஸ்தகத்த எழுதுனவனும் அவந்தான்."

அவனுக்குக் கணக்குச் சரிப்படவில்லை. "அங்கனயே நின்னவுகளுக்கு அது நவம்பர்னு தெரியும்லா டீச்சர்?"

"தெரியும்" என்றேன். "அதாம்லே இந்தத் தாள அனுப்பியிருக்கான்."

அவன் தலையாட்டிவிட்டு, தன் ஒட்டுத்தாளின் ஓரம் பெயர்ந்திருந்ததைக் கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்தி ஒட்டினான்.

ரயில் ஏறி ஊருக்கு வா தம்பி. அந்தப் படத்தின் அசல் உன்னிடம் இருந்தால் கொண்டு வா, என் பழைய போன் போய்விட்டது. அம்மா இன்னும் பயிற்சி நூலைத்தான் மாடத்தில் வைத்திருக்கிறாள். அதில் ஒட்ட ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறேன். அதை நீ வந்து ஒட்டு.

அக்கா
உமாராணி